நடுநிலைச் சுவரும் நிறத்தின் உரிமையும்: புறூனோ டவுற்றின் குடியிருப்புக்களை முன்வைத்து ஒரு நோக்கு

வீட்டின் உட்சுவருக்கு எந்த நிறத்தைப் பூசுவது என்பது திறனாய்வுக்குரிய விடயமன்று என எண்ணுவோர் நம்மிடையே பலருளர். அது இல்லத்தாரின் தனிவிருப்பு என்றும், மிஞ்சினால் பத்திரிகைகளின் மகளிர் பகுதிக்குரிய குறிப்பு என்றும் அவர்கள் ஒதுக்கிவிடுவர். ஆனால் இலக்கியத்திலே 'தூய அழகு' எனக் கூறப்படுவதன் சமூக வேர்களைத் தேடப் பழகிய நாம், சுவரிலே 'நடுநிலை நிறம்' எனக் கூறப்படுவதை மட்டும் ஆராயாது விடுதல் பொருந்தாது. வெள்ளை, மங்கிய வெள்ளை, சாம்பல், வெளிர்மணல் ஆகியன இன்று நடுநிலை நிறங்கள் என வழங்கப்பெறுகின்றன. எவ்விரண்டிற்கு நடுவே அவை நிற்கின்றன என்று எவரும் வினவுவதில்லை.

இவ்வினாவிற்கான விடையின் ஒரு கூறு சந்தையிலே கிடைக்கின்றது. மேலைநாடுகளில் வீட்டை விற்க முற்படுவோனுக்குத் தரகர் வழக்கமாகக் கூறும் ஆலோசனை, சுவர்களை வெளிறிய நிறத்துக்கு மாற்றிவிடு என்பதாகும். நீலச் சுவரை விரும்பும் ஒருவர் உளரெனின் அதனை வெறுக்கும் ஒருவரும் உளர். வெள்ளைச் சுவரோ எவரையும் கவராதுவிடினும் எவரையும் விரட்டாது. வாழ்வதற்கென உள்ள வீடு, என்றோ ஒருநாள் வரப்போகும் முகமறியாத வாங்குபவனுக்காக இன்றே ஆயத்தமாகி நிற்கின்றது. பயன்பெறுமதி, பரிவர்த்தனைப் பெறுமதி என்ற இரண்டனுள் நடுநிலை நிறம் எதன் சார்பில் நிற்கின்றது என்பது இதனாற் புலனாகும். வாடகை வீட்டில் நிலைமை இன்னும் வெளிப்படையானது. ஆணியடிப்பதற்கும் அனுமதி கோரவேண்டிய இடத்திலே சுவரின் நிறம் குடியிருப்போன் கையில் இல்லை.

இவ்வாறு கூறுவதனால், வெள்ளை முதலாளித்துவத்தின் நிறம், ஏனையவை மக்களின் நிறங்கள் என்று இயந்திரப்பாங்காக முடிவுகட்டுதல் தவறாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரித்தானிய முதலாளி தனது விருந்தறையைச் செறிந்த சிவப்பாலும் பச்சையாலும் நிறைத்தான். அப்பச்சைகளிற் பல ஆசனிக்குக் கலந்தவை. சோஷலிசவாதியாக அறியப்பட்ட வில்லியம் மொறிஸின் சுவர்த்தாள்களிலும் அந்நஞ்சு இருந்தது. ஆசனிக்கு எடுத்த டெவன் கிறேற் கொன்சொல்ஸ் சுரங்கக் கம்பனியின் பணிப்பாளராகவும் அவர் சிலகாலம் இருந்தார். வெள்ளையின் கைகளும் கறைபடாதவையல்ல. ஈயவெள்ளை பூசிய தொழிலாளரை அப்பூச்சே நோயாளராக்கிற்று. கட்டடங்களின் உட்புறத்தில் அதனைப் பூசுவதைப் பொதுவாகத் தடைசெய்யும் உடன்படிக்கையொன்றைச் சர்வதேசத் தொழில் மாநாடு 1921இல் நிறைவேற்ற வேண்டியதாயிற்று.

வெண்சுவருக்கு முற்போக்கான வரலாறொன்றும் உண்டு. காற்றும் ஒளியுமற்ற தொழிலாளர் வதிவிடங்களிற் கசநோய் மலிந்த காலத்தில், வெள்ளையடித்தல் சுகாதார இயக்கத்தின் ஆயுதமாக விளங்கியது. அழுக்கை மறைக்கும் கனத்த திரைகளுக்கும் புழுதி சேரும் செதுக்கு வேலைப்பாடுகளுக்கும் எதிராக எழுந்த குரலில் நியாயம் இருந்தது. ஆயின் லெ கொர்பூசியே 1925இல் வெளியிட்ட நூலிலே இக்குரல் வேறொன்றாக மாறுவதைக் காண்கின்றோம். குடிமக்கள் அனைவரும் தத்தம் வீட்டுத் திரைகளையும் சுவர்த்தாள்களையும் அகற்றி, றிப்போலின் என்னும் வெள்ளைப் பூச்சைப் பூசவேண்டும் என அவர் சட்டம் விதிப்பவர்போல எழுதினார். வீடு தூய்மையுற்றால் அகமும் தூய்மையுறும் என்பது அவர் துணிபு. சுகாதாரம் ஒழுக்கப் போதனையாக உருமாறும் இடம் இதுவே.

அவரே அக்காலத்திற் செய்தது யாது? பாரிசிலே தாம் அமைத்த லா றோஷ் இல்லத்தின் உட்சுவர்கள் பலவற்றுக்கு நிறந்தீட்டினார். போர்தோ நகரையடுத்த பெஸ்ஸாக்கிலே 1926 அளவில் எழுந்த தொழிலாளர் வீடுகளுக்குக் கபிலமும் நீலமும் பச்சையும் பூசுவித்தார். 1931இல் சலூப்றா என்ற சுவர்த்தாள் நிறுவனத்திற்கென 43 நிறங்கள் கொண்ட தொகுதியொன்றை வகுத்தளித்தார். சுவர்த்தாளைக் கிழிக்கச் சொன்னவர் ஆறாண்டுகளிற் சுவர்த்தாளுக்கே நிறந்தேர்ந்த இம்முரண்பாட்டைச் சுட்டி நகைப்பது எமது நோக்கமன்று. நவீன கட்டடக்கலையின் நிறம் உலகின் நினைவிலிருந்து நழுவிப்போனமையே இங்கு கவனிக்கற்பாலது. ஸ்ருட்கார்ட் நகரில் 1927இல் நிகழ்ந்த வைசன்ஹோவ் வீடமைப்புக் கண்காட்சியும், 1932இல் நியூயோர்க் நவீன கலைக் காட்சியகம் நடத்திய கட்டடக்கலைக் கண்காட்சியும் வெளியுலகைக் கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள் வாயிலாகவே பெரிதும் சென்றடைந்தன. நீலச் சுவர் சாம்பலாயிற்று. மஞ்சட் சுவர் வெள்ளையாயிற்று. ஒளிப்படக் கருவியின் குறைபாடு ஒரு பாணியின் இலக்கணமாகக் கற்பிக்கப்பட்டது.

இப்பிழை எளிதில் வேரூன்றுவதற்கு ஏற்ற நிலம் முன்னரே பண்படுத்தப்பட்டிருந்தது. காட்டுமிராண்டிகள் எனத் தாம் கருதிய இனத்தாரும் கல்லாதாரும் குழந்தைகளும் கடுநிறங்களை விரும்புவர், பண்பட்டோர் அவற்றைத் தவிர்ப்பர் என்ற கருத்தைக் கேதே தமது நிறக் கோட்பாட்டு நூலிலே 1810இல் எழுதியிருந்தார். பழைய கிரேக்கரின் கட்டடங்களும் சிலைகளும் நிறந்தீட்டப்பட்டிருந்தன என்று கொற்பிறீட் செம்பர் 1834இல் எடுத்துரைத்த பின்னரும் வெண்பளிங்குக் கிரேக்கம் என்னும் கற்பனை மறையவில்லை. இவ்வச்சத்தின் வரலாற்றை டேவிட் பச்சலர் 2000ஆம் ஆண்டு வெளியான தமது சிறுநூலில் ஆராய்ந்துள்ளார். மேலைப் பண்பாட்டிலே நிறம் என்பது பெண்ணுக்கும் குழந்தைக்கும் கீழைத்தேயத்தவனுக்கும் உரியதாக ஒதுக்கப்பட்டது என அவர் காட்டுகின்றார். அப்பட்டியலில் நாமும் அடக்கம் என்பதை இவ்விதழின் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. எனினும் பச்சலரின் நூலில் ஒரு குறை தென்படுகின்றது. நிற அச்சத்தை ஒரு மனப்பாங்காகவே அவர் பெரிதும் நோக்குகின்றார். சுவர் யாருடையது என்ற வினா அங்கு எழவில்லை.

அவ்வினாவை எழுப்பியவராக நாம் கருதுபவர் ஜேர்மானியக் கட்டடக் கலைஞர் புறூனோ டவுற் (1880–1938). பேர்லின் நகரின் எல்லையிலே பால்கன்பேர்க் என்னுமிடத்திற் கூட்டுறவுச் சங்கமொன்றுக்காக 1913 முதல் 1916 வரை அவர் அமைத்த சிறுவீடுகளுக்குச் சிவப்பும் நீலமும் காவிமஞ்சளும் தீட்டினார். 'வர்ணப்பெட்டிக் குடியிருப்பு' என்ற பட்டப்பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. போரில் ஜேர்மனி தோற்று வறுமையுற்றிருந்த 1919இல், நிறமுள்ள கட்டடங்களுக்கான அறைகூவல் ஒன்றை அவர் வெளியிட்டார். செதுக்கு வேலையும் சுதை அலங்காரமும் செலவு மிக்கவை. நிறமோ அத்துணைச் செலவு வேண்டாதது. வறிய காலத்திற் கட்டடம் மகிழ்வளிக்க வேண்டுமாயின் நிறமே வழி என்பது அவ்வறைகூவலின் சாரம். அழகைச் செலவினின்றும் பிரிக்கும் முயற்சி இது. மூலைக்கு மூலை சுதைப்பூ வைத்த வாடகைக் கட்டடத்தின் பின்முற்றத்து இருட்டறைகளிலே தொழிலாளர் நெருங்கிக் கிடந்த பேர்லினில், இக்கூற்று எத்துணைக் கூர்மையானதென்பதை நாம் உணர்தல் வேண்டும்.

1921 முதல் 1924 வரை மக்டபேர்க் நகரின் கட்டடப் பொறுப்பாளராக இருந்தபோது அவர் நகரத் தெருக்களுக்கே நிறந்தீட்ட முனைந்தார். பணவீக்கக் காலத்துப் பூச்சுக்கள் தரமற்றவையாகையால் விரைவில் வெளிறிப்போயின. உண்மையான வாய்ப்பு 1924இன் பின்னரே கிட்டியது. பணவீக்கத்தினாற் கடன்சுமை கரைந்து நன்மையடைந்த பழைய வீட்டுரிமையாளர்மீது அவ்வாண்டு வரி விதிக்கப்பட்டு, அதன் ஒரு பகுதி புதிய வீடமைப்புக்கு ஒதுக்கப்பட்டது. தொழிற்சங்கங்களின் சார்பில் அதே ஆண்டில் நிறுவப்பெற்ற கேஹாக் நிறுவனத்தின் முதன்மைக் கட்டடக் கலைஞரானார் டவுற். மார்ட்டின் வாக்னருடன் இணைந்து பிறிற்ஸிலே 1925இல் அவர் தொடங்கிய குதிரைலாடக் குடியிருப்பு ஏறக்குறைய 2000 வீடுகளைக் கொண்டது. குளமொன்றைச் சூழ்ந்து வளையும் நடுக்கட்டடம் வெள்ளையும் நீலமுமாக விளங்க, பெருந்தெருவை நோக்கிய தொகுதி கடுஞ்சிவப்பாக நிற்கின்றது. 'செம்முன்னணி' என்றே அது பெயர்பெற்றது. செலன்டோர்வில் எழுந்த மற்றொரு குடியிருப்பிலே, காலைவெயில் படும் கிழக்கு முகங்களுக்குப் பச்சையும் மாலைவெயில் படும் மேற்கு முகங்களுக்குச் செங்கபிலமும் பூசினார். அயலவர் அதனைக் கிளிக் குடியிருப்பு என்றனர். கேலியாகப் பிறந்த பெயர் இன்று பெருமையோடு வழங்குகின்றது.

நிறம் புறத்தோடு நின்றுவிடவில்லை என்பதே எமது ஆய்வுக்கு முக்கியமானது. பிறிற்ஸ் வீடுகளின் அறைகளுக்கும் செறிவான நிறங்கள் பூசப்பட்டிருந்தமை, பிற்காலத்திற் சுவர்ப்பூச்சுக்களைப் படைபடையாக ஆராய்ந்தபோது தெளிவாயிற்று. டாலவிற்ஸிலே 1926–27இல் டவுற் தமக்கென அமைத்த இல்லம் கால்வட்ட வடிவினது. காலைவெயிலின் வெப்பத்தை உள்வாங்கும் பொருட்டு அதன் கிழக்குச் சுவருக்குக் கருமையும், தோட்டத்தை நோக்கிய மேற்குப் புறத்துக்கு வெண்மையும் பூசினார். அவ்வீட்டைப் பற்றி 1927இல் அவர் எழுதிய நூல் அறைகளின் நிறங்களை நுணுக்கமாக விவரிக்கின்றது. இங்கு நிறம் ஒப்பனையன்று. அறை எத்திசை நோக்கியது, எவ்வொளி அதனுட் புகும், எப்பொழுதில் ஆட்கள் அதிற் புழங்குவர் என்ற வினாக்களிலிருந்தே அது பிறக்கின்றது. வாங்குபவன் எவனோ என்ற வினா அதிலில்லை. வீடு விலைப்பொருளாக அன்றி வாழ்விடமாகக் கட்டப்பட்டபோது நிறத்துக்கு இடமுண்டாயிற்று என நாம் கொள்வதற்கு இதுவே ஆதாரம்.

எனினும் டவுற்றை விமர்சனமின்றி ஏற்றல் இயலாது. பிறிற்ஸின் வாடகை திறன்மிக்க தொழிலாளர்க்கும் அலுவலர்க்கும் எட்டியதேயன்றி அடிமட்டத் தொழிலாளர்க்கு எட்டவில்லை. மேலும், நிறத்தைத் தேர்ந்தவர் குடியிருப்போர் அல்லர், கலைஞரே. 1924இல் வெளியான 'புதிய வதிவிடம்' என்ற நூலிற் பெண்ணையே வீட்டின் படைப்பாளி என்று அவர் போற்றுகின்றார். ஆனால் அப்படைப்பாளி செய்யவேண்டியதாக அவர் கூறுவது, திரைகளையும் சிறுபொருள்களையும் சுவரிற் தொங்கும் படங்களையும் அகற்றுவதாகும். நிறமே சுவருக்குப் போதும். வேலைச்சுமையும் குறையும் என்பது அவர் வாதம். புழுதி துடைக்கும் பெண்ணின் உழைப்பை ஒரு கட்டடக் கலைஞர் கணக்கிலெடுத்தமை பாராட்டத்தக்கதே. ஆயினும் போரில் மாண்ட மகனின் படத்தை அச்சுவரில் மாட்ட விரும்பும் தாய்க்கு அந்நூலில் விடையில்லை. தூய்மையின் பெயரால் லெ கொர்பூசியே வெள்ளைக்குச் செய்ததை நிறத்திற்கு டவுற்றும் ஓரளவு செய்தார் என்றே கூறவேண்டியுள்ளது.

குடியிருப்போர் இதற்குத் தம் வழியில் விடையளித்துள்ளனர். பெஸ்ஸாக் வீடுகளிலே வாழ்ந்தோர் காலப்போக்கிற் பலகணிகளைச் சுருக்கினர், தட்டைக் கூரைமேற் சாய்கூரை எழுப்பினர், தாம் விரும்பியவாறு அலங்கரித்தனர். பிலிப் பூடோன் 1969இல் வெளியிட்ட ஆய்வு இம்மாற்றங்களை வெறும் சிதைவாக நோக்காது, அவ்வீடுகள் அவற்றுக்கு இடந்தந்தமையையே வலியுறுத்தியது. திறனாய்வுலகிற் பலர் கவனியாத ஆய்வு இது. மேலிருந்து வந்த நிறத்தையும் மேலிருந்து வந்த வெண்மையையும் ஒப்பிட்டுத் தீர்ப்பளிக்க முற்படுவோர், முதலிற் பூடோனைப் படித்தல் நன்று.

1933இல் நாஸிகள் ஆட்சியைக் கைப்பற்றியதும் டவுற் நாட்டைவிட்டுத் தப்பினார். யப்பானில் அற்றாமி நகரில் ஓர் இல்லத்தின் கீழ்த்தளத்திலே அவர் அமைத்த அறைகளுள் ஒன்று திராட்சைமதுச் சிவப்புச் சுவருடையது. அந்நாட்டில் எஞ்சியுள்ள அவரது படைப்பு அதுவே. 1938இல் இஸ்தான்புல்லில் மறைந்தார். போரின் பின்னரும் நெடுங்காலம் பேர்லின் வீடுகளின் நிறங்கள் மங்கியும் மாற்றப்பட்டும் கிடந்தன. பின்னர் படிப்படியாக அவை மீட்கப்பட்டன. பிறிற்ஸும் பால்கன்பேர்க்கும் உட்பட ஆறு பேர்லின் குடியிருப்புக்கள் 2008இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தன. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னரே, 1998இல், கேஹாக் தனியார்மயமாக்கப்பட்டுவிட்டது. வரிசை வீடுகள் தனித்தனியே விற்கப்பட்டன. பழைய நிறங்களுக்கு மீட்கப்பட்ட ஒரு வீட்டிலே இன்று சுற்றுலாப் பயணிகள் நாள்வாடகை கொடுத்துத் தங்கலாம்.

2021 செப்தெம்பரில், 3000க்கு மேற்பட்ட வீடுகளை வைத்திருக்கும் தனியார் நிறுவனங்களின் வீடுகளைச் சமூக உடைமையாக்க வேண்டுமா என்று பேர்லின் வாக்காளரிடம் கேட்கப்பட்டது. பெரும்பான்மையோர் ஆம் என்றனர்; ஆனால் அவ்வாக்கெடுப்பு ஆட்சியாளரைக் கட்டுப்படுத்தும் சட்டவலுவற்றது. பிறிற்ஸிலே ஒருவர் தமது வீட்டு முகப்பின் நிறத்தை மாற்ற விரும்பினால் மரபுரிமைப் பாதுகாப்பு அதிகாரிகளின் இசைவைப் பெறல் வேண்டும். அவ்வீட்டின் விலையை உயர்த்த விரும்புவோர்க்கு அவர்களது இசைவு தேவையில்லை.