ஆபுத்திரனுக்கு வாய்த்த இரு மனைகள்

அவிசாவளையினின்று அட்டன் நோக்கிச் செல்லும் பெருந்தெருவிலே, களனி கங்கை பாறைகளிடையே இரைந்தோடும் இடத்தில் அமைந்துள்ளது கித்துல்கல. கூந்தற்பனையாகிய கித்துல் மரத்தாற் பெயர்பெற்ற அவ்வூரைச் சூழ இறப்பரும் தேயிலையும் வளரும் தோட்டங்கள் பல. அத்தகைய தோட்டமொன்றின் லயத்தில் வாழும் மகப்பேறற்ற தம்பதியர் இருவர், பிறர் பெற்ற மகவொன்றைத் தமதாக்கி வளர்க்கக் கருதினர் எனக் கொள்வோம். அவர் யாது ஆயத்தஞ் செய்வர்? பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட காம்பராவில் அடுப்புப்புகை படாத மூலையொன்றை ஒதுக்குவர். பழஞ்சேலை கொண்டு ஏணை கட்டுவர். கொழுந்தெடுக்கச் செல்லும் வேளையிற் குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விடுவதோ, பாட்டியாரிடம் ஒப்படைப்பதோ எனச் சூழ்வர். 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கப் பிள்ளைகள் மகவேற்புக் கட்டளைச் சட்டத்தின் வழி நிற்போராயின், நீதிமன்றத்துக்கு விண்ணப்பித்து, நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்து அலுவலர் வந்து இல்லத்தைப் பார்வையிடவும் இசைவர்.

இவையனைத்தும் வேண்டுவனவே. ஆயினும் இவற்றின் மேலாக ஆயத்தஞ் செய்தற்குரியது வேறொன்றுண்டு என்பதைத் தமிழ்க் காப்பியமொன்று நுட்பமாக உணர்த்துகின்றது. அக்காப்பியம் சீத்தலைச் சாத்தனார் இயற்றிய மணிமேகலை. ஒரே உயிரை இரு பிறவிகளில் இரு வளர்ப்பு மனைகளில் வைத்துக் காட்டுகின்றார் அப்புலவர். 1898ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் அதனைப் பதிப்பித்து வெளியிட்ட காலந்தொட்டு, ஆபுத்திரன் கதையை வேள்வி மறுப்புக்கும் அமுதசுரபியின் வரலாற்றுக்கும் எடுத்துக்காட்டாகவே பலரும் பேசி வந்துள்ளனர். அவ்விரு மனைகளையும் ஒருங்குவைத்து நோக்குவதே இச்சிறு கட்டுரையின் கருத்து.

முதலாவது மனை வயனங்கோட்டு அந்தணன் இளம்பூதியினுடையது. வாரணாசியினின்று குமரியாடப் புறப்பட்ட சாலி என்பாள், வழியில் ஈன்ற குழவியை இரக்கமின்றித் தோட்டத்தில் இட்டு நீங்கினாள். பசுவொன்று அதனை நாவால் நக்கி, ஏழு நாள் அகலாது பாலூட்டிக் காத்தது. அவ்வழி வந்த இளம்பூதி குழவியின் அழுகுரல் கேட்டுக் கண்ணீர் உகுக்கின்றான். மனைவியோடு கைதொழுது அதனை ஏற்கின்றான். தன் கிளை பொலிவுற ஒரு நம்பி பிறந்தான் என மகிழ்ந்து சுற்றத்தோடு கூடுகின்றான். மார்பிற் பூணூல் அணிவதற்கு முன்னரே நாவில் நூலைப் பயிற்றுகின்றான். அன்பு, சுற்றம், கல்வி என்னும் மூன்றும் ஆண்டு நிறைந்திருந்தன. வெளிப்படையான ஆயத்தங்களில் அம்மனைக்கு யாதொரு குறையும் இல்லை.

குறை வேறிடத்தில் இருந்தது. குழவியைக் கண்ட கணத்தில் இளம்பூதி சொல்லியது, இவன் பசுவின் மகன் அல்லன், என் மகனே என்பதாம். கேட்பதற்கு இனிய சொல்லாயினும், கூர்ந்து நோக்குவார்க்கு அதன்கண் ஒரு மறுப்பு இருத்தல் புலனாகும். தன் மகன் என்னும் உறவை நிறுவுதற்கு அவன் முதலிற் செய்தது, குழந்தைக்கு முன்பிருந்த உறவை இல்லையென மறுத்தல். ஏழு நாள் உயிர்காத்த பசுவின் செயல் அம்மனையில் நன்றியோடு நினைக்கப்பட்டதாகக் காப்பியம் யாண்டும் கூறவில்லை. எனினும் உலகம் அப்பிள்ளைக்கு இட்டு வழங்கிய பெயர் யாது? ஆபுத்திரன் என்பதே. தந்தை மறுத்த வரலாறு மகனுடைய பெயரிலேயே நிலைத்துவிட்டது. இம்முரண் தற்செயலாக நேர்ந்ததெனக் கொள்ளுதற்கில்லை.

மறைக்கப்பட்ட உண்மை எவர் வாயினின்று, எந்த வேளையில் வெளிப்பட்டது என்பதும் நோக்கற்பாலது. வேள்விக்கெனக் கட்டப்பட்ட பசுவை ஆபுத்திரன் இரவில் விடுவிக்கின்றான். சினந்த அந்தணர் அவனை அலைக்கின்றனர். பசுவின் மகன் என இகழ்கின்றனர். விலங்கின் வயிற்றுதித்த முனிவர் சிலரை எடுத்துக்காட்டி அவன் விடை பகர்கின்றான். அப்பொழுது அவர்களுள் ஒருவன், இவன் தாய் சாலி எனத் தான் அறிந்ததை அவையிற் கூறுகின்றான். தன் பிறப்பைப் பற்றிய உண்மையை ஆபுத்திரன் முதன்முதற் கேட்டது பகைவர் வாயால், பழியுரையாக என்பதே இக்காட்சி தரும் துன்பம். அந்நிலையிலும் அவன் கலங்காது, அந்தணர் போற்றும் முனிவர்தம் பிறப்பை எடுத்துரைத்து நகைக்கின்றான். கலங்கியவன் தந்தையே. ஓதும் அந்தணர்க்கு ஒவ்வாதவன் எனக் கொண்டு இளம்பூதி அவனை மனையினின்று துரத்துகின்றான்.

ஏற்றுக்கொண்ட செயலைக் கண்ணீரோடும் கைதொழுதலோடும் விரித்துரைத்த சாத்தனார், துரத்திய செயலை ஓரிரண்டு அடிகளில் முடித்துவிடுகின்றார். தந்தையின் உள்ளப் போராட்டம் பற்றி ஒரு சொல் இல்லை. தாயின் குரலும் கேட்கவில்லை. இச்சுருக்கம் கவிஞரின் குறைபாடன்று. அறியாமையின்மேல் எழுந்த அன்பு, அறிவு வந்த அன்றே ஒரு சொல்லில் வீழ்ந்துவிடும் என்பதை அச்சுருக்கமே உணர்த்துகின்றது. இளம்பூதி தீயவன் அல்லன். பிறப்பு இன்னதென அறியாதவரை அவன் அன்பு மெய்யன்பாகவே இருந்தது. பிறப்பு இன்னதென அறிந்த பின்னரும் நிலைக்குமாறு அதனை அவன் ஆயத்தஞ் செய்து வைத்திலன்.

இரண்டாவது மனை சாவக நாட்டு அரசன் பூமிசந்திரனுடையது. மணிபல்லவத்திலே அமுதசுரபியைக் கோமுகிப் பொய்கையில் விட்டு உயிர்நீத்த ஆபுத்திரன், சாவகத்தில் முன்பு தன்னைக் காத்த பசுவின் வயிற்றிலேயே மீண்டும் தோன்றுகின்றான். மக்கட்பேறற்ற பூமிசந்திரன் முனிவர் அருளால் அவனைப் பெற்று வளர்க்க, புண்ணியராசன் எனும் பெயரோடு அவன் அந்நாட்டை ஆள்கின்றான். மணிமேகலை வாயிலாகத் தன் பழம்பிறப்பின் குறிப்பறிந்த அவ்வேந்தன் அரண்மனை மீண்டு, தாயாகிய அமரசுந்தரியிடம் தன் பிறப்பைக் கேட்டறிகின்றான். இங்கே உண்மையைச் சொல்பவள் வளர்த்த தாய். பசுவயிற்றுப் பிறந்ததையும், முனிவர் அருளியதையும், பூமிசந்திரன் கொண்டுவந்ததையும் அவள் வாயாலேயே அவன் கேட்கின்றான்.

கேட்டவன் துயருறாமல் இல்லை. முற்பிறவியில் ஈன்ற தாய் செய்ததையும் இப்பிறவியின் தன்மையையும் எண்ணி ஆழ்ந்த துயர் எய்துகின்றான். அரசு வாழ்வையும் வெறுக்கின்றான். உண்மையை அன்போடு சொன்னால் துன்பம் வாராது என்னும் எளிய ஆறுதலைச் சாத்தனார் நமக்கு அளிக்கவில்லை. துன்பம் வரும், ஆனால் அத்துன்பத்துக்கு ஒரு வழியும் எல்லையும் உண்டாகும் என்பதே அவர் காட்டுவது. அமைச்சன் சனமித்திரன் அவனைத் தேற்றுகின்றான். நாட்டை ஒரு திங்கள் காக்குமாறு அமைச்சனிடம் ஒப்புவித்துப் புண்ணியராசன் மணிபல்லவஞ் சென்று, மணலின்கீழ்க் கிடந்த தன் பழைய உடம்பின் என்பைக் கண்ணாற் காண்கின்றான். பின்னர் நாடு திரும்புகின்றான். முதன் மனையினின்று துரத்தப்பட்டவன் மீளவேயில்லை. இரண்டாம் மனையினின்று தானே புறப்பட்டவன் மீண்டு வந்தான். இரு மனைகளுக்குமுள்ள வேற்றுமை இதுவே.

இதற்கு ஒரு தடை எழலாம். ஊழின் வலியையும் பிறவித் தொடர்ச்சியையும் நிலைநாட்டுவதே காப்பியத்தின் நோக்கம். மகவேற்பைப் பற்றிப் புலவர் கருதினார் என்பது வலிந்து கொள்ளும் பொருளன்றோ எனலாம். சமயக் கருத்தே முதன்மையானது என்பதை யாமும் உடன்படுவேம். ஆயினும், பிறவித் தொடர்ச்சியைக் காட்டுதற்கு எத்துணையோ வழிகள் இருக்க, இருமுறையும் வளர்ப்பு மனையையே புலவர் தேர்ந்ததும், இருமுறையும் பிறப்புண்மை வெளிப்படும் தருணத்தைக் கதையின் திருப்பமாக அமைத்ததும் கருத்தின்றி நிகழ்ந்தன அல்ல. அமரசுந்தரியும் மகன் கேட்கும்வரை வாளாவிருந்தனளே எனின், அஃது உண்மை. அவள் மனையும் முழு நிறைவுடையதன்று. நிறைவுடைய மனையைக் காண வேண்டின் சேக்கிழாரிடம் செல்லுதல் வேண்டும்.

திருநாவலூர் வீதியிற் சிறுதேர் உருட்டி விளையாடிய நம்பியாரூரரைக் கண்டு காதல்கொண்ட நரசிங்கமுனையரையர், அவர் தந்தை சடையனாரிடம் நட்பின் உரிமையால் வேண்டிப் பெற்று, அரச செல்வத்தோடு வளர்த்தார் எனப் பெரியபுராணம் கூறும். ஆங்கு எதுவும் மறைக்கப்படவில்லை. அரண்மனையில் வளர்ந்த பிள்ளை தன் அந்தணர் மரபு குன்றாமலே வளர்க்கப்பட்டார். உரிய பருவத்தில் மணம் பேசியவரும் சடையனாரே. வளர்த்த அன்பு பெற்ற உறவைப் பகையாகக் கருதவில்லை. யாழ்ப்பாணத்துத் தேசவழமையும் இவ்வெளிப்படைத் தன்மையை வேண்டிற்று. ஒல்லாந்தர் காலத்தில், 1707ஆம் ஆண்டளவில், தொகுக்கப்பெற்ற அந்நூல், பிள்ளை எடுத்து வளர்ப்போர் உரிமைச் சுற்றத்தாரின் இசைவைப் பெற்றுச் சாட்சிகள் முன்னிலையில் மஞ்சள்நீர் அருந்தும் வழக்கத்தைக் குறிக்கின்றது. சொத்துரிமை கருதிய விதியேயெனினும், ஊரறியச் செய்தல் என்னும் பண்பு அதனுள் அமைந்துள்ளது.

மறைத்தலால் விளையும் தீங்கை நம் காலமும் கண்டது. 1970கள் முதலாக இந்நாட்டினின்று ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஐரோப்பிய நாடுகளுக்கு மகவேற்பாகக் கொண்டு செல்லப்பட்டனர். அவருட் பலருடைய பிறப்புப் பத்திரங்களிலே தாயின் பெயர் முதலியன பொய்யாகப் புனையப்பட்டிருந்தமை பிற்காலத்தில் வெளியாயிற்று. 1973க்கும் 1997க்கும் இடையில் இலங்கையினின்று மகவேற்பாகச் சென்ற குழந்தைகள் பற்றிய முறைகேடுகளுக்குச் சுவிற்சர்லாந்து அரசு 2020ஆம் ஆண்டில் வருத்தம் தெரிவித்தது. இலங்கை உள்ளிட்ட ஐந்து நாடுகள் பற்றிய விசாரணையின்பின், நெதர்லாந்து அரசு 2021ஆம் ஆண்டில் வெளிநாட்டு மகவேற்பை இடைநிறுத்திற்று. அன்று சென்ற குழந்தைகளுட் சிலர், வளர்ந்தவராய் இன்று இத்தீவுக்கு வந்து தம் தாயரைத் தேடுகின்றனர். மணிபல்லவத்து மணலைத் தோண்டிய புண்ணியராசனுக்கு வழிகாட்ட மணிமேகலை இருந்தாள். பொய்ப்பத்திரத்தோடு வருபவர்க்கு வழிகாட்டுவார் யார்? நல்ல வீடும் நிறைந்த அன்பும் பெற்று வளர்ந்தோரும் அவருள் உளர். ஆயினும் அவர்க்குக் கொடுக்கப்படாத பொருள் ஒன்று உண்டு. இளம்பூதி ஆபுத்திரனுக்குக் கொடாததும் அதுவே.

மணிபல்லவத்தில் வேந்தனுக்கு அறங்கூறும் மணிமேகலை, உயிர்களுக்கு உணவும் உடையும் உறையுளும் அளிப்பதே அறம் என்கின்றாள். கித்துல்கலத் தம்பதியர்க்கு இம்மூன்றுமே அரிதின் முயன்று தேட வேண்டியன என்பதை யாம் மறந்திலேம். ஆதலின் அவர்க்கு மேலும் ஒரு சுமையை ஏற்றுகின்றோமோ என்னும் ஐயம் எழலாம். ஆனால் நான்காவதாக யாம் வேண்டும் பொருளுக்குக் காசும் வேண்டா, இடமும் வேண்டா. ஒரு சுவரே இடைநிற்கும் லயத்தில் மறைபொருள் நிலைப்பதில்லை. பீலிக்கரையில் நீர்பிடிக்கும் வேளையில் எழும் ஒரு சிறு பூசல் போதும். யாரோ ஒருவர் வாயால், வசைமொழியாக, அவ்வுண்மை பிள்ளையின் செவியை எட்டிவிடும். வேள்விச்சாலையில் நிகழ்ந்தது பீலிக்கரையிலும் நிகழும். அதற்கு முன்னரே, ஏணையில் ஆட்டும் நாள்தொட்டு, நீ எம்மிடம் வந்த கதை இது எனத் தாயும் தந்தையும் தம் வாயாற் சொல்லிப் பழகுவராயின், வசைமொழி தன் நஞ்சை இழந்துவிடும்.

அவ்வாறு சொல்லுதற்கு முதலில் அவர்தம் உள்ளம் ஆயத்தமாக வேண்டும். பெற்றவள் ஒருத்தி உளள் என்பதை அச்சமின்றி ஏற்க வேண்டும்; ஏழு நாள் பாலூட்டிய பசுவையும் நன்றியோடு நினைத்தல் வேண்டும். மூலையைத் துப்புரவாக்கி ஏணை கட்டுதல் ஒரு நாட்பணி. இவ்வாயத்தமோ பல நாட்பணி. இளம்பூதியின் மனையில் இல்லாததும், அமரசுந்தரியின் மனையில் காலந்தாழ்ந்து வந்ததும், சடையனாரின் நண்பர் மனையில் தொடக்கத்திலேயே இருந்ததும் ஆகிய அவ்வொன்றே வளர்ப்பு மனையின் கடைகால் என்க.