இரக்கமும் உரிமையும்

வெள்ளவத்தைப் புடவைக் கடையிலும் கொட்டாஞ்சேனைப் பலசரக்குக் கடையிலும் உழைக்கும் சிப்பந்தி நமது சிறுகதைகளுக்குப் புதியவனல்லன். ஊரிலிருந்து வருகிறான்; காலை முதல் இரவு வரை நின்றே உழைக்கிறான்; ஒருநாள் முதலாளியின் ஒரு சொல்லால் வெளியே தள்ளப்படுகிறான். கதை அவன் கண்ணீரோடு முடிகிறது. நாமும் பெருமூச்செறிந்து பக்கத்தைப் புரட்டுகிறோம். இக்கதைகளின் மனிதாபிமானம் நேர்மையானது. ஆயின், இவை காட்டும் யதார்த்தம் முழுமையானதா?

“வாயால் சொல்லி எடுத்தேன்; வாயால் சொல்லி அனுப்பினேன். கடிதமில்லாதவனுக்கு உரிமை ஏது?” என்பது கடையுலகில் வழங்கும் வாதம். நமது எழுத்தாளர் பலர் இதை ஆட்சேபமின்றி ஏற்றுக்கொண்டு, அதன்மேல் சோகத்தைக் கட்டியெழுப்புகின்றனர். இங்கேதான் தவறு நேர்கிறது.

இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தோன்றிய 1954ஆம் ஆண்டிலேயே கடை, அலுவலக ஊழியர் சட்டமும் நிறைவேறியது. வேலை நேரத்தை நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி என வரையறுத்த அச்சட்டம், தொழில் நிபந்தனைகளை எழுத்தில் தரும் கடமையை முதலாளிமீதே சுமத்தியது. கடிதம் தராதது அவர் குற்றமேயன்றி ஊழியனின் குறையன்று.

வாய்ச்சொல்லுக்கும் வரலாறுண்டு. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், வாய்மொழியாக அமர்த்தப்பட்டவனும் முன்னறிவித்தலின்றி விலகினால் அவனைச் சிறைக்கனுப்ப வழிசெய்தது. அன்று வாய்ச்சொல் தொழிலாளியைப் பிணித்த விலங்கு. 1950ஆம் ஆண்டின் கைத்தொழிற் பிணக்குகள் சட்டமோ, வாய்மொழி ஒப்பந்தத்தில் உழைப்பவனையும் தொழிலாளியாக ஏற்றது. 1957ஆம் ஆண்டுத் திருத்தத்தால் தோன்றிய தொழில் நியாய சபைகள், ஒப்பந்தம் எவ்வாறு கூறினும் நீதியான நிவாரணம் வழங்கும் அதிகாரம் பெற்றன. முதலாளிக்கும் அங்கே உரிமையுண்டு: குற்றம் புரிந்தவனை அவர் நீக்கலாம், ஆயின் காரணத்தை நிறுவ வேண்டும்.

சட்டத்தைப் போற்றிப் பாடுதல் எமது நோக்கமன்று. தொழில் முடிவுறுத்தலைக் கட்டுப்படுத்தும் 1971ஆம் ஆண்டுச் சட்டம் 15 பேருக்குக் குறைந்த தொழிலகங்களைத் தன் எல்லைக்குப் புறத்தே விட்டது. 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் வீட்டு வேலைக்காரரை விலக்கியது. சட்டமும் வர்க்க சமுதாயத்தின் படைப்பே. அதன் ஓட்டைகள் எளியோர் பக்கமே அமைந்திருப்பது தற்செயலன்று.

எனினும், நீக்கப்பட்ட சிப்பந்தி நியாய சபையின் படியேறும்போது என்ன நிகழ்கிறது? விசாரணை நீள்கிறது, கையில் சம்பளமில்லை. அவன் வேலை செய்ததற்குச் சாட்சி சொல்ல வேண்டிய தோழன் இன்னும் அதே கடையில், அதே முதலாளியின் முன் நிற்கிறான். அவன் வாய் திறப்பானா? திறந்தால் அவனுக்கு நாளை வேலையுண்டா? மௌனித்தால் தன் மனத்துக்கு என்ன விடை சொல்வான்?

நமது கதைகள் கண்ணீரோடு முடியும் இடத்திலேதான் உண்மையான கதை தொடங்குகிறது. இரக்கம் முதலாளியின் மனம் மாறும்வரை காத்திருக்கும்; உரிமை காத்திருக்க வேண்டியதில்லை. இவ்வேறுபாட்டை உணர்ந்து எழுதும் எழுத்தாளனையே கடைச் சிப்பந்தி எதிர்பார்த்து நிற்கிறான்.