நாறும் பூ

‘நாறும்’ என்றால் பழந்தமிழில் மணக்கும் என்று பொருள். திருப்புடைமருதூர் சிவனுக்கு நாறும்பூநாதர் என்றே பெயர். இன்றோ அந்தச் சொல் காதில் விழுந்தாலே மூக்கைப் பொத்துகிறோம். இரண்டு பொருளுக்கும் இடம் கொடுக்கிற பூ ஒன்று நம் சமையலறையில் இருக்கிறது: காலிஃபிளவர்.

கும்பகோணத்துக்கு அது வெளியூர்ச் சரக்கு. குளிர்ந்த மேட்டுப் பூமியில் விளைந்து, லாரியேறி, தாராசுரம் மார்க்கெட்டில் வந்து இறங்கும். ‘இங்கிலீஷ் காய்’ என்று திவசச் சமையலில் அதை இன்னமும் சேர்க்காத வீடுகள் இந்த ஊரில் உண்டு.

தழை விலகாத பூ ஒன்றை எடுத்து முகர்ந்து பாருங்கள். பச்சைத் தழை வாசம், அவ்வளவுதான். இப்போது ஒரு கிளையை நகத்தால் கிள்ளி நசுக்குங்கள். கொஞ்சம் பொறுத்தால் மெல்லிய காரநெடி ஒன்று மூக்கில் ஏறும். அட, கடுகு! இந்த நெடி பூவுக்குள் தயாராக இருந்ததல்ல. குளுக்கோசினோலேட் என்ற வேதிப்பொருள் ஓர் அறையிலும் மைரோசினேஸ் என்ற நொதி வேறோர் அறையிலும் குடியிருக்கின்றன. நகம் பட்டுச் சுவர் இடிந்ததும் இரண்டும் கலக்க, நெடி அப்போதுதான் பிறக்கிறது. ஊறுகாய்க்குக் கடுகு அரைக்கையில் கண்ணைக் கரிக்க வைப்பதும் இதே கலப்புதான். கடுகும் காலிஃபிளவரும் ஒரே குடும்பம்.

கடுகு காய்ந்த விதை. டப்பாவில் மாதக்கணக்கில் வாய் திறக்காது. பூ அப்படியில்லை, பறித்த பிறகும் மூச்சு விடுகிறது. 0 டிகிரிக் குளிரிலும் 95 சதவீத ஈரப்பதத்திலும் மூன்று வாரம் தாங்குவது, டெல்டா வெக்கையில் சில நாளிலேயே சோர்ந்து பழுப்பேறுகிறது. காரநெடி பின்வாங்க, கந்தகம் முன்னால் வருகிறது. பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் இறுக்கிக் கட்டிவிட்டால் கேட்கவே வேண்டாம். முடிச்சை அவிழ்த்ததும் முகத்தில் அடிப்பது மீத்தேன்தையால். சமையல் வாயு கசிவு தெரியட்டும் என்று கலக்கிறார்களே, அந்த வாடைப்பொருளுக்குத் தம்பி. கூடவே வரும் டைமெத்தில் டிரைசல்பைடோ, தண்ணீரில் பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கு இருந்தாலே மூக்குக்குப் பிடிபட்டுவிடும்.

மணப்பதிலிருந்து வீசுவதற்குப் போய்ச்சேர ‘நாறும்’ என்ற சொல்லுக்குப் பல நூற்றாண்டு ஆயிற்று. இந்தப் பூ அந்தத் தூரத்தை நாலே நாளில் நடந்து முடித்துவிடுகிறது.