வெறும் ரைடும் ரோசம்தான்

கொங்குப் பக்கம் கபடி பார்க்கிற கூட்டத்துக்கு ஆளை எடைபோட ஒரே சொல் போதும். பிடிபட்டு வெளியே உட்கார்ந்த ரைடர், உயிர் கிடைத்து உள்ளே வந்ததும் தன்னைப் பிடித்த கார்னரையே தேடிப் போனால் ரோசக்காரி. கோட்டைத் தாண்டிக் காலை வைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினால் ரோசங்கெட்டவள். அன்னூரோ சூலூரோ, பெருந்துறையோ கோபியோ, திருவிழா ஆட்டம் எங்கே நடந்தாலும் கயிற்றுக்கு வெளியே இந்தத் தீர்ப்புதான். தவறான தீர்ப்பு. அதனால் ஒரு நல்ல ஆட்டக்காரி அநியாயமாகப் பேச்சு வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

நம் பக்கத்துப் பெண்கள் ஆட்டங்களை விடாமல் பார்ப்பவர்களுக்கு யாரைச் சொல்கிறேன் என்பது இந்நேரம் புரிந்திருக்கும். பெயர் வேண்டாம், படிக்கிற பிள்ளை. நான் அவள் கட்சி என்பதையும் மறைக்கவில்லை. அவள் முதல் ரைடில் சும்மா திரும்புவாள். இரண்டாவதிலும் சும்மா திரும்புவாள். "ஏ அம்மிணி, ரோசமில்லையா? போய்த் தொடு!" என்று பின்னாலிருந்து கத்துவார்கள். அவள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மூன்றாவது ரைடுக்கும் அவளே போவாள்.

இங்கேதான் கூட்டம் கோட்டை விடுகிறது. தொடர்ந்து இரண்டு வெறும் ரைடு போனால் மூன்றாவதில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் ரைடர் அவுட். டூ ஆர் டை என்று டிவியில் சொல்வதை நம் ஊரில் தேர்டு ரைடு என்கிறார்கள். இந்தக் கணக்கு அணிக்குத்தான், ஆளுக்கு அல்ல. மூன்று ரைடும் ஒரே ஆள்தான் போக வேண்டுமென்று எந்த விதியும் இல்லை. அதனால் பல அணிகள் முதல் இரண்டுக்கு நல்ல ரைடரை அனுப்பிவிட்டு, மூன்றாவதுக்கு வேறு யாரையாவது தள்ளிவிடுகின்றன. பிடிபட்டால் நஷ்டம் குறைவு என்பது கணக்கு. இவள் அப்படி யாரையும் தள்ளிவிட்டு நான் பார்த்ததில்லை. இரண்டு முறை ஏச்சு வாங்கிக்கொண்டு, பிடிபட வாய்ப்பு மிக அதிகமான ரைடைத் தனக்கென்று எடுத்துக்கொள்கிறாள். இதற்குப் பெயர் ரோசமில்லையென்றால் வேறு எதற்கு வைப்பது?

அவள் வெறுமனே திரும்பும் ரைடை ஒருமுறை கால் வழியாகப் பாருங்கள். பெண்கள் களத்தில் நடுக்கோட்டிலிருந்து பால்க் லைன் 3 மீட்டர். யாரையும் தொடாமல் திரும்பப் போகிறவள் அதையாவது தாண்ட வேண்டும். ஒரு கால் கோட்டுக்கு அப்பால் ஊன்றியிருக்கும்போது பின்கால் இந்தப் பக்கம் தரையில் படக் கூடாது. அந்த நொடியில் அவள் ஒற்றைக் காலில் நிற்கிறாள். கண் கார்னரின் முகத்தில் இருப்பதில்லை, முன்பாதத்தில் இருக்கிறது. போனஸ் கோடு இன்னும் ஒரு மீட்டர் தள்ளி. அதை நோக்கிக் கால் விரலை நீட்டுவதுபோல் காட்டுவாள். கார்னரின் குதிகால் தரையை விட்டு எழுந்தால், அவள் கணுக்காலுக்குப் பாய்கிற ரகம். எழாவிட்டால், காத்திருக்கிற ரகம். முதல் ரைடில் கிடைக்கிற தகவல் இதுதான். இரண்டாவது ரைடு மறுபக்கம். அங்கே அவள் பார்ப்பது செயினை. கைகோத்து நிற்கிற இரண்டு பேரில் யார் முதலில் பிடியைத் தளர்த்துகிறாள்? நடுவர் விசிலுக்கு வெறும் ரைடு. அவளுக்கு அது வேவு.

தேர்டு ரைடு தடுப்பாட்டத்துக்குத்தான் லாபம் என்று பழைய ஆட்டக்காரர்கள் சொல்வார்கள். வாஸ்தவம். வருகிறவள் வந்தே தீர வேண்டும், பின்வாங்கி நின்றால் போதும். ஆனால் பின்வாங்க இடம் எங்கே இருக்கிறது? பெண்கள் களத்தில் போனஸ் கோட்டுக்குப் பின்னால் இருப்பது 2 மீட்டர்தான். எல்லைக் கோட்டில் குதிகால் இடிக்க நிற்கிற கார்னர் ஓடிவந்து மோத முடியாது. ஏற்கெனவே பாயத் துடித்தவளுக்கு, இது கடைசி என்று தெரிந்ததும் துடிப்பு இன்னும் கூடுகிறது. நம் பிள்ளை காலை அரைகுறையாக நீட்டுவாள், கார்னர் விழுவாள், குனிந்த முதுகில் ஒரு கை. தொட்ட மறுகணம் லாபியும் களம். ஓடித் தப்ப இரண்டு ஓரத்திலும் ஒரு மீட்டர் கூடுதல்.

பிந்தி இருக்கும்போதும் இப்படி ஆடலாமா என்பது அடுத்த குற்றச்சாட்டு. பிந்தி இருக்கும்போதுதான் ஆட வேண்டும். நம் ஊர் அணிகள் பலவற்றில் உருப்படியான ரைடர் ஒருத்திதான். அவள் கோபத்தில் போய் மாட்டினால் எதிரணிக்கு ஒரு புள்ளி, அதோடு வெளியே இருந்த அவர்கள் ஆள் ஒருத்தி உள்ளே. இங்கே ரைடு போக ஆள் இல்லை. அப்புறம் இரண்டு, மூன்று ரைடுக்குள் களம் காலி, லோனாவுக்கு இரண்டு புள்ளி வேறு. பழிவாங்கப் போன ஒரு ரைடில் ஆட்டமே கைநழுவிப் போனதை எத்தனை முறை பார்த்தாயிற்று. அப்படிப் போனவளுக்குத்தான் கைதட்டலும் கிடைத்தது.

இத்தனைக்கும் ரோசத்தை நம் வீடுகளில் இவ்வளவு அவசரமான விஷயமாக யாரும் நினைப்பதில்லை. "அவன் ரோசக்காரனுங்க" என்று யாரைச் சொல்கிறோம்? பங்கு பிரித்ததில் மனம் கசந்து வெளியேறி, வருசக் கணக்கில் வாய் திறக்காமல் உழைத்து, அண்ணன் காட்டுக்குப் பக்கத்துக் காட்டையே கிரயம் பண்ணினவனை. "ரோசத்துக்குப் படிச்சா" என்றால் ஒரே ராத்திரியில் படித்தாள் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. மைதானத்துக்கு வந்ததும் அதே சொல்லுக்கு முப்பது நொடிதான் ஆயுள் கொடுக்கிறோம்.

இதில் ஒளிபரப்புக்கும் பங்கு உண்டு. 2014-ல் புரோ கபடி வந்தபின் நம் பிள்ளைகள் பாய்ச்சலையும் தாவலையும் திரும்பத் திரும்பப் பார்த்து வளர்கிறார்கள். வெறும் ரைடை ரீப்ளே போடுவார் யாரும் இல்லை. கபடி நம் மாநில விளையாட்டு. அதைப் பார்க்கத் தெரிந்தவர்கள் என்ற பெயரையாவது நாம் காப்பாற்ற வேண்டும்.

இனி நடக்கப் போவது. மாவட்டத் தேர்வில் அவளை முதல் தடவை ஒதுக்குவார்கள். தேர்வாட்டத்தில் ஆளுக்குச் சில ரைடுதான் கிடைக்கும், இரண்டை வேவுக்குச் செலவழித்தால் தாளில் புள்ளி நிற்காது. அவள் இடத்தில் துடியான ஒருத்தி போவாள், நன்றாகவும் தொடங்குவாள், பெரிய ஆட்டத்தில் காத்திருக்கத் தெரிந்த கார்னரிடம் அடுத்தடுத்து மாட்டுவாள். அப்போது இவளைக் கூப்பிடுவார்கள். அடுத்த தை மாதத்துக்குள் இது நடக்கும் என்று எழுதியே வைக்கிறேன்.

அதற்கடுத்த சீசன்தான் கஷ்டம். கார்னர்கள் பாயாமல் நிற்கப் பழகிவிடுவார்கள். எதிரே ஆறு பேருக்குக் குறையாமல் இருக்கும்வரை அவள் போனஸை எடுத்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் போனஸ் புள்ளிக்கு உயிர் கிடையாது. வெளியே உட்கார்ந்தவள் உட்கார்ந்தபடியே இருப்பாள். பலகையில் முன்னணி, களத்தில் ஆள் பற்றாக்குறை என்ற நிலை வரும். அன்றைக்கு அவள் அணிக்கு இன்னொரு ரைடர் வேண்டும். வெளியில் தேட வேண்டியதில்லை. அதே அணியின் இடது கார்னருக்கு நல்ல கை நீளம், பயிற்சியில் ரைடு போய்த் தொட்டுவிட்டு வருகிறாள். கோச் இந்தக் கோடையிலேயே அவளை ஆட்டத்தில் இரண்டு ரைடுக்காவது அனுப்பிப் பார்க்க வேண்டும், மாட்டினாலும் பரவாயில்லை.