வீட்டு முற்றத்தில் ஆயில் சீல்

ஒற்றசேகரமங்கலத்திலிருந்து பாறசாலைக்கு எந்த வழியாகப் போனாலும் ரப்பர் தோட்டம் கூடவே வரும். விடியுமுன் மரம் சீவி, சிரட்டையில் பால் எடுத்து, ஷீட் அடித்துக் காயப்போடும் ஊர்கள் இவை. ஆனால் அந்த வீடுகளின் முற்றத்தில் நிற்கும் மோட்டார் சைக்கிளின் ஆயில் சீலுக்கு இந்தப் பால் உதவாது. இயற்கை ரப்பர் எஞ்சின் ஆயிலில் ஊறினால் உப்பும், பிறகு தளர்ந்து பிசுபிசுக்கும். அதனால் சீலுக்கு நைட்ரைல் என்னும் செயற்கை ரப்பர். சூடு கூடுதலான இடங்களில் அக்ரிலிக், சிலிக்கான் அல்லது வைட்டான் வகை. நைட்ரைல் ஏறக்குறைய 100 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும், வைட்டான் 200 வரை. ரப்பரோடு பிறந்து வளர்ந்தவர்கள்கூட இங்கே சறுக்குவது உண்டு. சைக்கிள் டியூபை வெட்டி எஞ்சின் மூடிக்கு அடியில் வைத்துக் கசிவை நிறுத்தப் பார்ப்பார்கள். கொஞ்ச நாளிலேயே அது ஊறிப் பிதுங்கி வெளியே வரும்.

வீட்டிலேயே சீல் மாற்றும் பழக்கம் கேரள-தமிழக எல்லையின் இருபுறமும் கூடிவருகிறது. கேஎல்-19, கேஎல்-20, டிஎன்-75 என்று மூன்று பதிவெண் வண்டிகளும் கலந்து ஓடும் பகுதி இது. களியக்காவிளையிலோ நெய்யாற்றின்கரையிலோ உதிரிபாகக் கடைக்குப் போனால் சீல் கிடைத்துவிடும். சீலின் விலை சொற்பம், கூலிதான் பல மடங்கு. காலையில் பால் வெட்டப் போக வண்டி வேண்டும், ஒர்க்‌ஷாப்பில் விட்டால் ஒரு நாள் போகும். ஆகவே ஸ்க்ரூ டிரைவரும் சுத்தியலும் உள்ளவன் தானே உட்காருவதில் வியப்பில்லை. இந்தப் பழக்கத்தை நான் ஆதரிக்கிறேன். ஆனால் எல்லாச் சீலுக்கும் அல்ல. கெடுதல் எங்கே நடக்கிறது என்பதில் பலர் கவனம் தவறான இடத்தில் இருக்கிறது. புதியதைப் பொருத்தும்போது நடுங்குகிற கை, பழையதைப் பிடுங்கும்போது நடுங்குவதில்லை. நடுங்க வேண்டியது அங்கேதான்.

சீல் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இது விளங்கும். வெளியே இரும்பு வளையம், உள்ளே ரப்பர் உதடு, உதட்டைச் சுற்றி ஒரு மெல்லிய சுருள் ஸ்பிரிங். அந்த உதடு சுழலும் ஷாஃப்ட்டை மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கு அகலத்துக்கே தொடுகிறது. தொடும் இடத்தில் உலர்ந்த உரசல் கிடையாது. ஏறத்தாழ ஒரு மைக்ரான் கனத்தில் எண்ணெய்ப் படலம் நிற்கிறது. உதட்டின் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள் சுழற்சியில் சாய்ந்து, வெளியே வரப் பார்க்கும் எண்ணெயை உள்ளுக்கே திருப்பித் தள்ளுகின்றன. அதாவது நல்ல சீல் என்பது அடைப்பு மட்டுமல்ல, குட்டி பம்பும்கூட. இந்த நுட்பம் நடக்க ஷாஃப்ட்டின் மேற்பரப்பும் ஒத்துழைக்க வேண்டும். ஜெர்மானியத் தர அளவுகோல்கள் 0.2 முதல் 0.8 மைக்ரான் வரையிலான சொரசொரப்பைக் கேட்கின்றன. அதைவிட முரடாக இருந்தால் உதடு தேயும். கண்ணாடிபோல் வழுவழுப்பாக இருந்தாலும் எண்ணெய்ப் படலம் நிற்காது. இவ்வளவு நுணுக்கமான பரப்பின் மேல் நாம் ஸ்க்ரூ டிரைவர் முனையைச் சாய்த்து நெம்புகிறோம்.

எண்ணெயைத் திருப்பித் தள்ளும் இதே வேலைக்குப் பழைய அம்பாசடர் கார் ஒரு உதாரணம். அதன் பழைய பெட்ரோல் எஞ்சினில் கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில் ரப்பர் உதடே இல்லை. ஷாஃப்ட்டில் வெட்டிய எதிர்மரை எண்ணெயை உள்ளே திருப்பித் தள்ளிக்கொண்டிருக்கும். ஓடும்வரை அடைப்பு, நின்றால் சொட்டு. அந்த வண்டிக்குக் கீழே தரை கறுத்திருந்ததற்கு எல்லா நேரமும் மெக்கானிக் காரணமல்ல.

சரி, கசிவு தெரிகிறது. சீல்தான் போயிற்று என்று எப்படித் தெரியும்? வீட்டு வேலையின் முதல் பெரிய பலவீனம் இதுதான்: நனைந்திருக்கும் இடத்தையே ஓட்டை என்று நம்பிவிடுவது. ஓடும் வண்டியில் காற்று எண்ணெயைப் பின்னுக்கு அடிக்கும். மேலே டேப்பெட் மூடியில் கசிந்தது கீழே ஸ்ப்ராக்கெட் பக்கம் வந்து தங்கும். செயின் ஸ்ப்ரே வழிந்ததும் அங்கேதான் சேரும். எஞ்சினை டீசல் தொட்டுத் துடைத்து, நன்றாக உலரவிட்டு, டால்கம் பவுடரைத் தூவி, கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தால் பவுடரில் கோடு எங்கே விழுகிறது என்று தெரிந்துவிடும். ஒர்க்‌ஷாப்பில் யாருக்கும் இதற்கு நேரமில்லை. வீட்டில் இருக்கிறது. வீட்டு வேலையின் உண்மையான பலம் கூலி மிச்சம் அல்ல, இந்த அவகாசம்தான் என்பது என் கருத்து.

இரண்டாவது கேள்வி இன்னும் முக்கியம்: சீல் ஏன் போனது? நான் பார்த்த வீட்டு வேலைகளில் இதைக் கேட்டவர்கள் குறைவு. பல நேரம் சீல் பலியாடுதான். கிராங்க் கேஸின் ப்ரீதர் குழாயில் அழுக்கோ குளவிக்கூடோ அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, இருக்கும் வழியில் எண்ணெயைத் தள்ளும். அளவுக்கு மேல் ஆயில் ஊற்றினாலும் அதே கதி. பேரிங் தேய்ந்து ஷாஃப்ட் ஆடத் தொடங்கினால் எந்தப் புதிய சீலும் சில வாரத்துக்கு மேல் தாங்காது. செயினை இழுத்து முறுக்கி வைப்பவர்கள் தங்கள் ஸ்ப்ராக்கெட் பக்கப் பேரிங்கைத் தாங்களே கொல்கிறார்கள். ஸ்ப்ராக்கெட்டைக் கையால் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பார்க்க அரை நிமிடம் போதும். தெளிவான ஆட்டம் கைக்குத் தட்டுப்பட்டால் சீல் வாங்கும் காசு வீண்.

முன் ஃபோர்க்கில் இந்த மண்ணுக்கென்று ஒரு காரணம் உண்டு. இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையில் தோட்டத்துச் செம்மண் பாதை சேறாகி, ஃபோர்க் குழாயில் அப்பி, காய்ந்து உப்புத்தாள்போல் ஆகிவிடும். கடற்கரை பக்கம் பூவார், கொல்லங்கோடு வரை தினம் போய்வரும் வண்டிகளில் உப்புக் காற்று பட்டு, குரோமியப் பூச்சில் ஊசிமுனைத் துருக்குழிகள் விழும். நகத்தால் மெதுவாக வருடினால் நகம் தடுக்கும். அந்தக் குழியின் விளிம்பு புதுச் சீலின் உதட்டை முதல் நாளே கீறிவிடும். குழி சீலின் ஓட்டப் பாதைக்கு வெளியே இருந்தால் கவலையில்லை. பாதையில் இருந்தால் குழாயை மாற்றாமல் சீல் மாற்றுவது சடங்குக்குச் சமம்.

இனி பிடுங்கும் வேலை. வழக்கமான முறை, சீலின் ஒரு பக்கத்தில் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து, கிராங்க் கேஸ் விளிம்பில் ஊன்றி நெம்புவது. இதில் மூன்று கேடு. முனை ஷாஃப்ட்டைக் கீறலாம். ஊன்றிய இடத்தில் அலுமினியம் பிளந்து விளிம்பு தெறிக்கலாம். சீல் உட்காரும் குழியின் சுவரில் கோடு விழலாம். அப்புறம் உதடு எவ்வளவு நல்லதானாலும் சீலின் வெளிப்புறத்தைச் சுற்றி ஆயில் வரும். ஊன்றும் இடத்தில் ஒரு மரத்துண்டோ மடித்த தகரமோ வைத்து, முனையைத் துணியோ டேப்போ சுற்றி, ஷாஃப்ட்டுக்கு எதிர்ப்பக்கமாக, சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பினால் பெரும்பாலும் பழுதில்லாமல் வரும்.

மற்றொரு முறை, சீலின் இரும்பு முகத்தில் சிறு துளை போட்டு, தகர ஸ்க்ரூவை முறுக்கி, குறட்டால் இழுப்பது. கேட்க அழகாக இருக்கும், பார்க்கவும். ஆனால் பல எஞ்சின்களில் சீலுக்குப் பின்னால் சில மில்லிமீட்டரிலேயே பேரிங் இருக்கிறது. டிரில் ஒரு நொடி வழுக்கினால் பேரிங் கூண்டு போகும். இரும்புத் துகளும் உள்ளே விழும். டிரில் முனையில் கிரீஸ் பூசினால் துகள் அதில் ஒட்டும். முனையில் டேப் சுற்றி ஆழத்துக்கு எல்லை வைக்கலாம். இந்த இரண்டையும் செய்தும்கூட கிராங்க் ஷாஃப்ட் சீலில் இந்த முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். கியர் ஷாஃப்ட், ஸ்ப்ராக்கெட் பக்கச் சீல்களுக்கு, பின்னால் இடம் இருப்பது உறுதியானால் மட்டும் சரி.

சீல் வந்ததும் ஷாஃப்ட்டைப் பார்க்க வேண்டும். பழைய உதடு ஓடிய இடத்தில் பளபளப்பான வளையக் கோடு தெரியும். நகம் விழாத கோடு என்றால் பிரச்சினை இல்லை. நகம் விழுந்தால் இரண்டு வழி. குழியில் இடம் இருந்தால் புதிய சீலைப் பழையதைவிட ஒரு மில்லிமீட்டர் வெளியிலோ உள்ளேயோ நிறுத்தி, உதடு புதுப் பரப்பில் ஓடச் செய்யலாம். ஆனால் உள்ளே தள்ளும்போது பேரிங்குக்குப் போகும் எண்ணெய்த் துளையை மூடிவிடக் கூடாது. குழியில் இடம் இல்லாவிட்டால், ஷாஃப்ட் மேல் அணிவிக்கும் 0.28 மில்லிமீட்டர் கனமுள்ள எஃகு உறைகள் இருக்கின்றன. கார், டிராக்டர் ஷாஃப்ட்டுகளுக்கு அவை பொருந்தும். இரு சக்கர வண்டியின் சிறு ஷாஃப்ட்டுக்கு அளவு கிடைப்பது அரிது.

கோட்டைத் தேய்த்துப் போக்க உப்புத்தாள் எடுப்பவர்கள் செய்யும் தவறு இன்னும் மோசம். நீளவாக்கில் தேய்த்தால் ஒவ்வொரு கோடும் எண்ணெய் வெளியேறும் வாய்க்கால் ஆகிறது. சாய்வாகத் தேய்த்தால் மரைபோல் ஆகி, ஷாஃப்ட்டே எண்ணெயை வெளியே இறைக்கும். மிக மெல்லிய தாளை எண்ணெயில் நனைத்து, ஷாஃப்ட்டைச் சுற்றியே, லேசாக, துரு மட்டும் போகும்வரை. அவ்வளவுதான்.

புதுச் சீலை வாங்கும்போது வண்டிப் பெயரைச் சொல்வதோடு பழையதைக் கையில் கொண்டுபோவது நல்லது. அதன் முகத்தில் உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூன்றும் எண்ணாக அச்சாகியிருக்கும்.

"ஸ்ப்ளெண்டர் சீல் ஒண்ணு தாங்க அண்ணே" என்றால், "எந்த சீலு தம்பி?" என்றுதான் கடைக்காரர் கேட்பார்.

அளவு ஒத்துப்போனாலும் பொருள் ஒத்துப்போக வேண்டும். கறுப்பு எல்லாம் நைட்ரைல், பழுப்பு எல்லாம் வைட்டான் என்று சொல்லிவிட முடியாது. நிறம் சாயத்தால் வருவது. எஞ்சின் சூட்டுக்கு அருகிலுள்ள சீலை மட்டுமாவது வண்டிக் கம்பெனியின் சொந்தப் பாகமாக வாங்குவது அறிவு.

பொருத்துவதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஸ்பிரிங் தெரியும் பக்கம் எண்ணெயைப் பார்க்க வேண்டும். ஷாஃப்ட்டின் பல்வரிசை உதட்டைக் கிழிக்காமலிருக்க அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, உதட்டில் கிரீஸ் தடவி நுழைக்க வேண்டும். வெளிவிட்டத்துக்கு ஏற்ற பிவிசி குழாய்த் துண்டு அல்லது பெரிய சாக்கெட் வைத்து நேராகத் தட்டினால் சமமாக உட்காரும். 1929 வாக்கில் ஜெர்மனியின் ஃப்ராய்டன்பர்க் தோல் ஆலை இத்தகைய சீல்களைத் தோலில் செய்யத் தொடங்கிய காலத்தில் அவற்றை எண்ணெயில் ஊறவைத்தே மாட்டுவார்கள். ரப்பர் வந்த பிறகும் அந்த நியாயம் மாறவில்லை: உலர்ந்த உதடு முதல் சில சுற்றுகளிலேயே கருகும். பொருத்திய பின் சுற்றிலும் அனபாண்ட் பசையை அப்புவது மட்டும் வேண்டாம். உலர்ந்த பசையின் துணுக்கு உள்ளே விழுந்து எண்ணெய் வடிகட்டியை அடைத்தால் சீலோடு போயிருக்க வேண்டிய செலவு எஞ்சினுக்குப் போகும்.

எதை வீட்டில் தொடலாம், எதைத் தொடக்கூடாது? கியர் மாற்றும் ஷாஃப்ட், கிக்கர் ஷாஃப்ட், ஸ்ப்ராக்கெட் பக்கச் சீல் ஆகியவற்றைத் தொடலாம். சில எஞ்சின்களில் சீலுக்கு உட்புறம் விளிம்பு வைத்திருப்பார்கள். அது கிராங்க் கேஸைப் பிரித்தால்தான் வரும். வெளியிலிருந்து நெம்பினால் வராதபோது பலத்தைக் கூட்டாமல் நிறுத்துவது நல்லது. ஃபோர்க் சீல் ஓரளவு பழகியவருக்குச் சரி, ஆனால் இரண்டு காலிலும் ஆயில் ஒரே அளவில் இருக்க வேண்டும். பார்வைக்கு ஊற்றினால் வளைவில் வண்டி காட்டிக்கொடுக்கும். மேக்னெட்டுக்குப் பின்னாலுள்ள கிராங்க் சீல் மட்டும் வேறு கதை. புல்லர் இல்லாமல் மேக்னெட்டைச் சுத்தியலால் அடித்துக் கழற்றுபவர்கள் கிராங்க் முனையின் மரையையும் சாவியையும் நாசம் செய்கிறார்கள்.

டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் சீல் விஷயம் இன்னும் தீவிரம். ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவருக்கும், தோட்டத்தில் புல் வெட்டும் இயந்திரம் வைத்திருப்பவருக்கும் இது பொருந்தும். அங்கே கிராங்க் கேஸே காற்றையும் பெட்ரோலையும் உறிஞ்சி அழுத்தும் அறை. மேக்னெட் பக்கச் சீல் தளர்ந்தால் அதிகக் காற்று நுழையும், கலவை மெலியும், பிஸ்டன் சூடேறிப் பிடிக்கும். ஆர்எக்ஸ் 100-இல் கிளட்ச் பக்கம் தளர்ந்தால் கியர் ஆயில் உள்ளே போய் வெள்ளைப் புகை வரும். வெளியே ஒரு சொட்டு எண்ணெய்கூடத் தெரியாமல் எஞ்சின் போய்விடும். காற்றழுத்தம் ஏற்றிச் சோதிக்கும் வசதி உள்ளவரிடம் இதை விடுவதே லாபம். கார்பரேட்டரில் பெட்ரோலைக் கூட்டிச் சமாளிக்கிறவர்கள் சீலின் செலவைப் பிஸ்டனிடம் கடன் வாங்குகிறார்கள்.

ஒர்க்‌ஷாப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே கருவி இருக்கும், கையில் பழக்கம் இருக்கும், ஆனால் அவசரமும் இருக்கும். ஷாஃப்ட்டை நகத்தால் வருடிப் பார்க்காமல் சீல் மாற்றிக் கொடுக்கும் கடை எந்த ஊரிலும் கிடைக்கும். அந்த வேலைக்கும் முற்றத்தில் நெம்பிய வேலைக்கும் வேறுபாடு பில் மட்டுமே. ஆகவே வண்டியைக் கொடுக்கும்போது பழைய சீலைத் திருப்பிக் கேட்கலாம். உதட்டில் ஒரே இடத்தில் மட்டும் தேய்மானம் என்றால் ஷாஃப்ட் மையம் விலகியிருக்கிறது. சுற்றிலும் கடினமாகி வெடித்திருந்தால் சூடு. உப்பி மென்மையாகியிருந்தால் தவறான ரப்பர் அல்லது தவறான எண்ணெய். கசிவை நிறுத்தும் என்று விற்கப்படும் திரவங்கள் செய்வதும் உதட்டைச் சற்று உப்பவைப்பதுதான். சீல் இறுகிக் கெட்டியானபோது கொஞ்ச நாள் தாங்கும், கிழிந்ததை ஒன்றும் செய்யாது.

வீட்டு வேலையின் கணக்கில் யாரும் எழுதாத செலவு ஒன்று உண்டு: வடித்த ஆயில். இந்தியாவில் 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி பயன்படுத்திய எண்ணெய் அபாயகரமான கழிவு. நம் வீடுகளில் அது கரையானுக்கு மரச்சட்டத்தில் பூசப்படுகிறது, மிச்சம் தென்னை மூட்டிலோ ஓடையிலோ ஊற்றப்படுகிறது. ஓடையில் ஊற்றியது நெய்யாற்றை நோக்கிப் போகும், மண்ணில் ஊற்றியது கிணற்றுப் பக்கம் இறங்கும். பழைய ஆயில் கேனிலேயே திருப்பி ஊற்றி மூடிவைத்து, எண்ணெய் சேகரிக்கும் கடைக்குக் கொடுத்துவிடலாம். பல ஒர்க்‌ஷாப்களில் அதற்கென்று பீப்பாய் வைத்திருப்பார்கள்.