மூன்று நாடா

காஞ்சிபுரம் போனால் கோயிலோடு திரும்பிவிடாதீர்கள். பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறி வீட்டை எட்டிப் பாருங்கள். கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா: உடலுக்கு ஒன்று, கரைகளுக்கு இரண்டு. உடல் ஊடையும் கரை ஊடையும் இழைக்கு இழை கைகோத்துக்கொள்ளும். நிறம் அவரவர் இஷ்டம். சேருகிற இடத்தில் மட்டும் கறார்.

கம்ப்யூட்டர் தமிழில் இதைத்தான் கோட்டைவிட்டோம். கம்ப்யூட்டர் எழுத்தை எண்ணாகத்தான் வைத்துக்கொள்ளும். 1990-களில் எந்த எழுத்துக்கு எந்த எண் என்பதில் ஆளாளுக்கு ஒரு கணக்கு. மெயிலில் வந்த கட்டுரையைத் திறந்தால் ஜிலேபி. இணையத் தமிழர்கள் பேசிப் பேசி 'திஸ்கி' கொண்டுவந்தார்கள். 1999-ல் சென்னை 'தமிழ்நெட் 99' மாநாடு டாம், டாப் என்று இரண்டு தந்தது. யுனிகோடிலோ 1991-லேயே தமிழுக்கு இடம் இருந்தது. குழப்பம் தீர்க்க வந்தவையே குழப்பத்தில் சேர்ந்துகொண்டன.

2010-ல் தமிழக அரசு யுனிகோடை ஏற்றது. கூடவே மாற்றாக டேஸ்16-ஐயும். 'கொ'வுக்குத் தனி எண் வேண்டும் என்ற டேஸ் கட்சியின் வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் அது குடியேறியது யுனிகோடின் புறம்போக்கில். அங்கே யாரும் குடிசை போடலாம். நீங்கள் எழுதிய 'கொ' அடுத்தவர் திரையில் 'கொ'வாகவே தெரியும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

எது உயர்ந்தது என்று சண்டை போட்டோம். எது சேரும் என்று கேட்டிருக்க வேண்டும்.

பழைய சி.டி.யில் அப்பா எழுதிய கதை திஸ்கியில் தூங்குகிறதா? இன்றைக்கே யுனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பேரன் திறக்கும்போது ஜிலேபி வேண்டாம்.