மருத்துவன் இலக்கணமும் பருத்த உடலினரும்

திருக்குறளின் தொண்ணூற்றைந்தாம் அதிகாரம் 'மருந்து' என்பது. அதனை ஆராய்ந்தோர் உணவின் அளவு குறித்தும் வளி முதலிய மூன்றன் நிலை குறித்தும் விரிவாக எழுதியுள்ளனர். அவ்வதிகாரத்தின் இறுதி மூன்று குறள்களும் மருத்துவனது தொழிலுக்கு இலக்கணமாதல் போலவே, நோயாளியை அவன் மதிக்க வேண்டிய முறைக்கும் இலக்கணமாகும் என்பது என் கருத்து. அதனைப் பருத்த உடலினர் இன்று எய்தும் ஒரு துன்பத்தோடு வைத்து ஈண்டு ஆராய்வாம்.

அத்துன்பம் இது: முழங்கால் நோவு என்றோ தலைவலி என்றோ மருத்துவரை நாடிச் செல்லும் பருத்த உடலினர், நோய் ஆராயப்படுமுன்னரே, "எடையைக் குறைத்துக்கொண்டு வாருங்கள்" என்னும் விடை பெற்றுத் திரும்புதல் பல நாட்டினும் உண்டு. 2020 ஆம் ஆண்டில் பன்னாட்டு வல்லுநர் பலர் கூடி 'நேச்சர் மெடிசின்' இதழில் ஓர் அறிக்கை வெளியிட்டனர். எடை பற்றிய இகழ்ச்சி உடலுக்கும் உள்ளத்திற்கும் ஊறு செய்வதோடு, தக்க மருத்துவம் பெறுதற்கும் தடையாகின்றது என்பது அதன் முடிபு. ஆகவே, தம்மை மதிக்கும் மருத்துவரைக் கண்டுகொள்வது எவ்வாறு என்பது இவர்கட்கு உயிரைப் பற்றிய வினாவாகும்.

1. அதிகார அமைப்பு

அதிகாரத்தின் முதற்குறள் (941), மிகுதி குறைவு என்னும் இரண்டனையும் ஒருங்கே நோய்க்குக் காரணமாக்குகின்றது. அடுத்த ஆறு குறள்கள் (942–947) உண்பானை நோக்கியன. இறுதி மூன்றும் (948–950) மருத்துவனை நோக்கியன. இப்பகுப்பை உளங்கொள்ளாதார், "பெருந்தீனியை வள்ளுவரே கடிந்தாரன்றோ? மருத்துவர் கடிந்தால் என்னை?" என்று வினவக்கூடும்.

இதற்கு விடை அதிகாரத்தினுள்ளேயே உளது. வள்ளுவர் கடிந்தது செரிக்கும் ஆற்றலை அறியாது உண்ணும் செயலை. உடலின் தோற்றத்தை அன்று. பத்துக் குறள்களுள் ஒன்றிலேனும் பருமையோ மெலிவோ பழிக்கப்படவில்லை. உடம்பு என்னும் சொல் வரும் 943 ஆம் குறளும், அதனைப் பெற்றவன் நெடுங்காலம் பேணிச் செலுத்த வேண்டிய ஒன்றாகவே காட்டுகின்றது. மேலும், மருத்துவன் அதிகாரத்துட் புகுந்த பின்னர்க் கடிதல் அறவே ஒழிகின்றது. ஆராய்தலும் தீர்த்தலுமே எஞ்சுகின்றன. உண்பானுக்குக் கூறிய அறவுரையை நோயுற்றான் தலைமேல் மருத்துவன் சுமத்துதல் இவ்வமைப்பிற்கு முரணாம்.

948 ஆம் குறள் நோய், அதன் காரணம், அதனைத் தணிக்கும் வழி என வரிசை வகுக்கின்றது. நோயாளியின் தோற்றத்தைக் கண்டவுடன் எடையே காரணம் எனத் துணிபவர், முதற்படியை விடுத்து இரண்டாம் படியில் கால் வைப்பவர் ஆவர். அவர் பிழை பண்பின் பிழை மட்டுமன்று. தொழிலின் பிழையும் ஆகும்.

2. அளவு என்னும் சொல்

இவ்வதிகாரத்தில் 'அளவு' என்னும் சொல் பொருள் வளர்ந்து வருதல் நோக்கத்தக்கது. 943 இல் அஃது உணவின் அளவு. 947 இல் செரிக்கும் தீயின் அளவு. 949 இல் நோயாளியின் அளவும் நோயின் அளவும். நோயின் அளவிற்கு முன்னே நோயாளியின் அளவு வைக்கப்பட்டுள்ளது. அவனது அளவாவது யாது? பரிமேலழகர் அதனை உடலின் இயல்பு, பருவம், படும் வேதனை, வலிமை என விரித்தார். அளக்கப்படுவது முழு மனிதன் என்பது இதனாற் பெறப்படும்.

இன்றைய மருத்துவ நிலையங்களில் இவ்வளவு பெரும்பாலும் ஓர் எண்ணாகச் சுருங்கிவிட்டது. எடையை உயரத்தின் இருபடியால் வகுத்துப் பெறும் அவ்வெண், பெல்ஜிய நாட்டுப் புள்ளியியலார் கெத்தலே என்பார் 19 ஆம் நூற்றாண்டில் மக்கட்டொகுதியின் சராசரியை அறிதற்குக் கண்டது. 1972 இல் அதற்கு 'உடல் நிறைக் குறியெண்' எனப் பொருள்படும் பெயர் இடப்பட்டது. தனியொருவர் உடல்நலத்தை அறிய அவ்வெண் மட்டும் போதாது என்பதை அமெரிக்க மருத்துவக் கழகமும் 2023 இல் ஒப்புக்கொண்டது.

அளவுகோலே பிழைபடுதலும் உண்டு. குருதியழுத்தம் அளக்கும் கைப்பட்டை புயத்திற்குச் சிறிதாயின் அழுத்தம் மிகையாகத் தோன்றும். மிகப் பெரிய பட்டை வேண்டியவர்க்கு வழக்கமான பட்டையைக் கட்டியபோது, மேலழுத்தம் சராசரி 19.5 மில்லிமீட்டர் கூடுதலாகக் காட்டியது என 2023 இல் வெளிவந்த ஆய்வொன்று நிறுவியது. இல்லாத நோய்க்கு மருந்துண்ண நேர்வது இதன் விளைவு. எனவே, பெரிய பட்டையும் கைப்பிடியில்லாத அகன்ற நாற்காலியும் வைத்திருத்தல் உபசாரம் மட்டுமன்று. நோயாளியின் அளவறிதலின் பகுதியேயாம்.

3. நான்கின் நான்கு

950 ஆம் குறள் மருத்துவத்தின் உறுப்புக்களாக நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுவான் என்னும் நான்கனைக் கூறுகின்றது. ஒவ்வொன்றற்கும் நான்கு இயல்பு உண்டெனப் பரிமேலழகர் விரிப்பார். அவற்றுள் இரண்டு நம் ஆய்விற்குத் திறவுகோலாவன. நோயாளியின் இயல்புகளுள் ஒன்று, தன் நோய்நிலையை மருத்துவனுக்கு உணர்த்துதல். மருத்துவன் இயல்புகளுள் ஒன்று, மனத்தானும் மொழியானும் மெய்யானும் தூயனாதல்.

இவ்விரண்டனையும் உரையாசிரியர் வெவ்வேறாகவே எண்ணினார். எனினும் ஒன்று மற்றொன்றைச் சார்ந்து நிற்பது. மருத்துவன் மொழி தூய்மையின்றி இகழ்ச்சி கலந்ததாயின், நோயாளி நாணி வாயடைப்பான், மறுமுறை வாரான். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் இளிவரலுக்குரிய நிலைக்களன் நான்கனுள் பிணியையும் ஒன்றாக வைத்தது. பிணியால் முன்னரே இளிவரல் உற்றான்மேல், நகையின் நிலைக்களனாகிய எள்ளலையும் ஏற்றுதல் இருமடித் துன்பமாகும். உருவங் கண்டு இகழற்க என 667 ஆம் குறளும் விலக்கிற்று. அது சிறிய உருவினரைக் கருதியதென உரை கூறுமாயினும், தோற்றத்தைக் கொண்டு மதிப்பிடுதலே ஆங்கு விலக்கப்பட்ட குற்றமாதலின், பெரிய உருவினர்க்கும் அது பொருந்தும்.

4. முடிவுரை

மதித்தலாவது மறைத்தலன்று. மிகு கொழுப்பு நீரிழிவு, உயர் குருதியழுத்தம், முழங்கால் மூட்டுத் தேய்வு முதலியவற்றோடு தொடர்புடையதாதல் மெய்ம்மை. அதனைக் கூறாதொழியும் மருத்துவர் தம் கடமையில் தவறியவரே. கூறும் முறையே ஈண்டு வேண்டப்படுவது. 2020 இல் வெளியான கனடா நாட்டு நெறிமுறை, எடை பற்றிப் பேசுமுன் நோயாளியின் இசைவு பெறுதலை முதற்படியாக வைத்தது.

ஆதலின், மருத்துவரை நாடுவார் மூன்று வினாக்களைக் கைக்கொள்க. கூறிய நோயை முதலில் ஆராய்ந்தாரா? நம் உடலுக்கேற்ற கருவியால் அளந்தாரா? அவர் மொழி கேட்டபின் மறைத்தவற்றையும் கூற நமக்கு மனம் வந்ததா? மூன்றற்கும் ஆம் என்னும் விடை கிடைப்பின், மருந்ததிகாரம் கூறும் மருத்துவர் அவரே. அதிகாரத்தின் இறுதிக் குறள் நோயாளியை மருத்துவனுக்கு முன்னே எண்ணியதும் இம்மதிப்புப் பற்றியே எனக் கொள்வது தகும்.